டிவியில் கணினி தெரியவில்லையா? எந்தக் கோளாறுக்கு எதை முதலில் பார்ப்பது

எங்கள் வேளச்சேரி அடுக்ககத்தில் யார் வீட்டு டிவியில் லேப்டாப் தெரியாவிட்டாலும் போன் எனக்குத்தான் வரும். கிரிக்கெட் மேட்ச், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, அமெரிக்காவில் இருக்கும் பேரனோடு வீடியோ கால் என்று காரணம் மாறும். முதல் வாக்கியம் மட்டும் மாறாது: "தம்பி, கொஞ்சம் மேல வந்துட்டுப் போப்பா. டிவி நோ சிக்னல்னு சொல்லுது." லிஃப்ட் ஓடாத நாளில் மூன்று மாடி ஏறிப் போய், ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு இறங்கி வந்த கதைகள் நிறைய உண்டு. படி ஏறுவதைக் குறைத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். காசு செலவில்லாத வழி முதலில், பர்ஸைத் திறக்க வேண்டியது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் மாற்றி, போர்ட்டையும் (கேபிள் செருகும் ஓட்டை) மாற்றி, ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டால் எதனால் சரியானது என்றே தெரியாது. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கேபிளைத் தொடும்போது கையில் சுர்ரென்று ஏறினால் மேற்கொண்டு எதையும் செய்யாமல் கடைசித் தலைப்பை முதலில் படியுங்கள்.

டிவியில் 'நோ சிக்னல்' என்று வருகிறது

*சோர்ஸ் சரியா?*

ரிமோட்டில் சோர்ஸ் அல்லது இன்புட் பொத்தானை அமுக்கி, கேபிள் செருகியிருக்கும் எச்டிஎம்ஐ (படத்தையும் சத்தத்தையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும் இணைப்பு) எண்ணைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் பின்னால் எந்த ஓட்டையில் கேபிள் இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள்; ஓரத்தில் 1, 2, 3 என்று அச்சிட்டிருக்கும். சுவரோடு ஒட்டி மாட்டிய டிவி என்றால் தலையை நுழைக்க முடியாது. செல்போன் கேமராவை அந்த இடுக்கில் நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும்.

*கேபிள் முழுசாக உள்ளே போயிருக்கிறதா?*

எச்டிஎம்ஐ கேபிளுக்குத் திருகு கிடையாது. கனமான கேபிள் தன் எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடும். இரண்டு முனைகளையும் பிடுங்கி மறுபடி அழுத்திச் செருகுங்கள்.

*கணினி படத்தை அனுப்புகிறதா?*

விண்டோஸ் என்றால் விண்டோஸ் பொத்தானோடு பி (P) எழுத்தைச் சேர்த்து அமுக்குங்கள். நான்கு வழிகள் வரும். 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்று இருந்தால் டிவிக்கு எதுவுமே போகாது. 'டூப்ளிகேட்' போட்டால் இரண்டிலும் ஒரே படம். 'எக்ஸ்டெண்ட்' போட்டுவிட்டு, "டிவியில வெறும் வால்பேப்பர்தான் வருது, ஃபைல் எல்லாம் காணோம்" என்று பதறி அழைத்தவர்களும் உண்டு. அது கோளாறே அல்ல. டிவியை இரண்டாவது மேசையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைச் சுட்டியால் இழுத்து அங்கே கொண்டுபோக வேண்டும்.

திரை முழுக்கக் கறுத்து நின்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (இந்த முறை B) நான்கையும் சேர்த்து அமுக்குங்கள். ஒரு பீப் சத்தத்தோடு கிராபிக்ஸ் டிரைவர் (படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருள்) புதிதாகத் தொடங்கும்.

*இரண்டுக்கும் ஓய்வு கொடுங்கள்*

டிவியையும் கணினியையும் நிறுத்தி, பிளக்கை சுவரிலிருந்தே கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். ரிமோட்டில் ஆஃப் செய்வது இதில் சேராது. பிறகு டிவியை முதலில் போடுங்கள், சோர்ஸை மாற்றுங்கள், கடைசியாகக் கணினியைப் போடுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு தொடங்கிய கோளாறு பல நேரம் இதிலேயே போய்விடும்.

*செட் டாப் பாக்ஸ் சோதனை*

இதை ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால்கூடப் போதும். உங்கள் செட் டாப் பாக்ஸ் எச்டிஎம்ஐ கேபிளில் ஓடுகிறது என்றால், நன்றாக வேலை செய்யும் ஒரு கேபிளும் ஒரு போர்ட்டும் ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன. பாக்ஸை நிறுத்திவிட்டு, அந்தக் கேபிளைப் பாக்ஸ் பக்கத்தில் மட்டும் கழற்றி லேப்டாப்பில் செருகுங்கள். டிவி பக்கத்தைத் தொட வேண்டாம், சோர்ஸையும் மாற்ற வேண்டாம்.

படம் வந்துவிட்டதா? லேப்டாப்பில் தவறில்லை. உங்கள் பழைய கேபிளோ டிவியின் அந்த இன்னொரு போர்ட்டோதான் காரணம். படம் வரவில்லையா? கோளாறு லேப்டாப் பக்கம். புதுக் கேபிள் வாங்கக் கிளம்ப வேண்டாம். பழைய பாக்ஸ் மூன்று வண்ண ஏவி வயரில் ஓடுகிறது என்றால் பக்கத்து வீட்டுக் கேபிளைப் பத்து நிமிடம் கடன் வாங்குங்கள்.

*டெஸ்க்டாப் கணினியா?*

சிபியுவின் பின்னால் இரண்டு இடங்களில் எச்டிஎம்ஐ இருக்கலாம். யுஎஸ்பி ஓட்டைகளோடு சேர்ந்து மேலே இருப்பது மதர்போர்டுடையது. கீழே தனியாகக் கிடைமட்டமாக இருப்பது கிராபிக்ஸ் கார்டுடையது. கார்டு இருந்தால் கேபிள் கார்டில்தான் போக வேண்டும். எஃப் என்று முடியும் இன்டெல் புராசசர்களில் உள்கிராபிக்ஸே கிடையாது. அங்கே மதர்போர்டு ஓட்டையில் என்ன செருகினாலும் டிவி கறுப்பாகத்தான் இருக்கும்.

*டைப்-சி வழியாகவா?*

டைப்-சி ஓட்டை இருந்துவிட்டால் படம் வரும் என்று அர்த்தமில்லை. சில ஓட்டைகள் சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். ஓட்டையின் அருகில் டிபி போன்ற ஒரு குறியோ மின்னல் குறியோ இருந்தால் படம் போகும். குறி போடாத நல்ல லேப்டாப்களும் உண்டு என்பதால் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வசதியே இல்லாத லேப்டாப்புக்கு டைப்-சியை எச்டிஎம்ஐ ஆக்கும் டாங்கிளை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இல்லை.

*நடுவில் கன்வெர்ட்டர் இருக்கிறதா?*

பல வருடங்களுக்கு முன் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். "விஜிஏ, எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் ஒண்ணு குடுங்க" என்றேன். (விஜிஏ என்பது படத்தை மட்டும் கொண்டுபோகும் பழைய வகை இணைப்பு.) கடைப் பையன் பெட்டியை எடுக்காமலே கேட்டான்: "எதுல இருந்து எதுக்குண்ணா?" இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக் கையில் பட்டதை வாங்கி வந்தேன். வீட்டில் பார்த்தால் அது எச்டிஎம்ஐ கணினியிலிருந்து விஜிஏ மானிட்டருக்குப் போவது. எனக்கு வேண்டியதோ பழைய விஜிஏ கணினியிலிருந்து எச்டிஎம்ஐ டிவிக்கு. இந்தப் பொருள்கள் எல்லாம் ஒருவழிப் பாதை. டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் கேபிளும் அப்படியே. கடைக்குப் போகும்போது கணினி பக்க ஓட்டை எது, டிவி பக்க ஓட்டை எது என்று சொல்லியே கேளுங்கள்.

சரியானதையே வாங்கியும் படம் வரவில்லை என்றால், கன்வெர்ட்டரிலிருந்து தொங்கும் சின்ன யுஎஸ்பி வாலைப் பாருங்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. கரன்ட் கொடுத்தால்தான் விஜிஏ கன்வெர்ட்டர் வேலை செய்யும்.

*போர்ட் கெட்டுவிட்டதா?*

செல்போன் டார்ச்சை அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா வீட்டில் நான் பார்த்த போர்ட்டின் விளிம்பில் பச்சையாகப் பொடி பூத்திருந்தது. உப்புக் காற்றின் வேலை. கேபிள் முனையைத் துடைத்ததும் துணியிலும் அதே பச்சை. லேசாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் கேபிள் முனையில் அடித்து, நான்கைந்து முறை செருகி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். குண்டூசி, சேஃப்டி பின் எதையும் உள்ளே விட வேண்டாம். பத்தொன்பது மெல்லிய பின்கள் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போச்சு.

இடி மின்னலுக்கு மறுநாள் ஒரு போர்ட் மட்டும் செத்துப்போவதும் இங்கே வழக்கம்தான், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் கேபிள் டிவி வயர் வழியாகச் செட் டாப் பாக்ஸுக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும் அதிர்ச்சி இறங்கிவிடுகிறது. மற்ற போர்ட்கள் வேலை செய்தால் அதிலேயே ஓட்டுங்கள்.

*எப்போது ஆளைக் கூப்பிடுவது?*

செட் டாப் பாக்ஸ் எந்தப் போர்ட்டிலும் தெரியவில்லை என்றால் டிவி மெக்கானிக். வேறு இரண்டு டிவியிலும் லேப்டாப் தெரியவில்லை என்றால் லேப்டாப் சர்வீஸ். போர்ட்டைப் பிடுங்கிப் புதிது வைப்பது போர்டில் சால்டரிங் செய்யும் நுணுக்கமான வேலை. சில்லு லெவல் வேலை செய்வாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் முழு போர்டையும் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் வரும்.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை

டிவி மியூட்டில் இல்லை என்று பார்த்துவிட்டு, கணினியில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் குறியைத் திறந்து, சத்தம் போகும் இடமாக டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயர் பட்டியலிலேயே இல்லை என்றால் கேபிளை ஒருமுறை கழற்றி மாட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்கும் வராவிட்டால் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

வீடியோ கால் ஆப்களுக்குத் தனி ஸ்பீக்கர் அமைப்பு உண்டு. யூடியூப் டிவியில் கேட்கிறது, பேரன் குரல் மட்டும் லேப்டாப்பில் கேட்கிறது என்றால் ஆப்பின் ஆடியோ செட்டிங்கில் போய் மாற்ற வேண்டும். விஜிஏ கேபிளில் சத்தம் போகவே போகாது. அதற்குத் தனியாக ஒரு ஆடியோ வயர் இழுங்கள்.

நாலு ஓரமும் வெட்டுப்படுகிறது, கீழே டாஸ்க்பார் தெரியவில்லை

இது டிவியின் பழைய பழக்கம், கணினியில் தேடாதீர்கள். டிவி மெனுவில் பிக்சர் சைஸ் அல்லது ஆஸ்பெக்ட் ரேஷியோ இருக்கும். எல்ஜி டிவிகளில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'டிஸ்ப்ளே ஏரியா' அல்லது 'ஃபுல் பிக்சல்' என்று பெயர் மாறும். அந்த வசதி கண்ணில் படாத டிவிகளில் கணினியின் கிராபிக்ஸ் மென்பொருளில் ஸ்கேலிங்கைக் கொஞ்சம் சுருக்கினால் சரியாகிவிடும். இதற்கு எந்த மெக்கானிக்கும் வேண்டாம். வந்தவரும் இதைத்தான் செய்வார்.

எழுத்து மங்கலாக, ஓரம் பிசிறாகத் தெரிகிறது

முதலில் டிவியின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 32 அங்குல 'எச்டி ரெடி' டிவி பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள்தான். கணினியிலிருந்து 1920க்கு 1080 அனுப்பினாலும் வாங்கிக்கொண்டு உள்ளுக்குள் சுருக்கும். சினிமாவில் தெரியாது, எக்செல் ஷீட்டில் கண் வலிக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1366க்கு 768 அல்லது 1360க்கு 768 வைத்துப் பாருங்கள்.

பெரிய டிவி என்றால், டிவியின் இன்புட் பட்டியலில் அந்தப் போர்ட்டின் பெயரை அல்லது குறியைப் 'பிசி' என்று மாற்றுங்கள். சாம்சங், எல்ஜி இரண்டிலும் இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. டிவி அந்தப் போர்ட்டுக்குப் படத்தை மெருகேற்றுவதை நிறுத்திவிட்டு எழுத்தைத் தெளிவாகக் காட்டத் தொடங்கும். சிவப்பு எழுத்து நீலப் பின்னணியில் கசிவது போலத் தெரிந்தால் அநேகமாக இதிலேயே போய்விடும். ஷார்ப்னெஸ்ஸையும் நன்றாகக் குறையுங்கள். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக ஏற்றி வைத்திருப்பார்கள்.

எழுத்து தெளிவு, ஆனால் சுட்டி பின்தங்கி இழுபடுகிறதா? கணினியில் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' திறந்து ரெஃப்ரெஷ் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். 4கே டிவியில் 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அதுதான் காரணம். எச்டிஎம்ஐயின் பழைய 1.4 பதிப்பு வரை 4கே படத்துக்கு 30தான் எல்லை; 60 வேண்டுமென்றால் லேப்டாப், டிவி இரண்டிலும் 2.0 பதிப்பாவது இருக்க வேண்டும், கேபிளும் அதைத் தாங்க வேண்டும். அதற்குப் பிறகும் சில டிவிகளில் மெனுவுக்குள் போய் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். எல்ஜியில் 'எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு' வகை. பழைய லேப்டாப் என்றால் 1080க்கு இறங்கி 60ல் ஓட்டுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், ஒரு குறையும் தெரியவில்லை. டிவியில் கேம் மோடையும் போட்டுவிட்டால் தாமதம் இன்னும் குறையும்.

விட்டுவிட்டுக் கறுப்பாகிறது, அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன

முதலில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60லிருந்து 30க்கு, அல்லது 4கேயிலிருந்து 1080க்கு இறக்குங்கள். கோளாறு மறைந்துவிட்டால் கேபிள்தான் குற்றவாளி. இங்கே செட் டாப் பாக்ஸ் கேபிளை வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். பாக்ஸோடு வரும் கேபிள் எச்டி படத்தைத் தாங்கும். 4கே 60ஐத் தாங்கும் என்று நிச்சயமில்லை.

நீளமும் முக்கியம். மூன்று மீட்டருக்குள் சாதாரண நல்ல கேபிள் ஒழுங்காக நடந்துகொள்ளும். 4கே படத்தை ஐந்து மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டுமென்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் பக்கம் போய்விடுங்கள். அதிலும் ஒரு முனை 'சோர்ஸ்', மறுமுனை 'டிஸ்ப்ளே' என்று எழுதியிருக்கும். எங்கள் செயலர் அங்கிள் வீட்டில் சுவருக்குள் குழாயில் கேபிளை இழுத்து, பூசி, பெயின்டும் அடித்த பிறகுதான் திருப்பி இழுத்தது தெரிந்தது. "என்னப்பா, இப்ப மறுபடி உடைக்கணுமா?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. குழாயில் நுழைப்பதற்கு முன் தரையில் போட்டே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஃபேன் ஸ்விட்சையோ டியூப் லைட்டையோ போடும்போது மட்டும் திரை கண் சிமிட்டினால் கேபிளைக் குறை சொல்லாதீர்கள். ஸ்விட்ச் போர்டில் தீப்பொறி அடிக்கிறது அல்லது எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியன் வேலை.

எல்லாம் தெரிகிறது, சினிமா ஆப் மட்டும் கறுப்பு

பாட்டு கேட்கிறது, சப்டைட்டில்கூட வருகிறது, படம் மட்டும் இல்லை என்றால் அது திருட்டுப் பதிவைத் தடுக்கும் பூட்டு. கணினி முதல் டிவி வரை நடுவில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அந்தப் பூட்டுக்கு ஒத்துப்போக வேண்டும். ஸ்ப்ளிட்டர் (ஒரே படத்தை இரண்டு டிவிக்குப் பிரிப்பது), விஜிஏ கன்வெர்ட்டர் இருந்தால் கழற்றிவிட்டு நேரடி எச்டிஎம்ஐ கொடுங்கள். 'செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி' வைத்துப் பாருங்கள், வேறு பிரவுசரில் பாருங்கள். ஸ்மார்ட் டிவி என்றால் எதற்கு இந்தப் பாடு? டிவியிலேயே அந்த ஆப்பைத் திறந்துவிடுங்கள்.

வயர் இல்லாமல் இணைத்தால் திக்கித் திணறுகிறது

விண்டோஸ் பொத்தானோடு கே அமுக்கி டிவியைத் தேடுவீர்கள். அடுக்ககத்தில் நாலு பக்கமும் பக்கத்து வீட்டு வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் அதிகம், லேப்டாப்பையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். சினிமா பார்க்க இது போதும். கேம் ஆடவோ டைப் செய்யவோ வயர்தான். இதற்கு மேல் இதில் நேரம் செலவிட எனக்கு மனசு வரவில்லை.

லேப்டாப்பை மூடினால் டிவியும் அணைகிறது

கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் 'டூ நத்திங்' என்று வையுங்கள். பிறகு அதே லேப்டாப்பைத் தூங்க வைக்காமல் மூடிப் பைக்குள் போட்டுவிடாதீர்கள், வெந்துவிடும்.

கேபிளை அல்லது லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்கிறது

வெறுங்காலோடு மொசைக் தரையில் நின்று எச்டிஎம்ஐ முனையின் உலோகத்தைத் தொட்டீர்கள், எறும்பு ஓடியது போல விரலில் ஏறுகிறது. டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறது. "லேசாத்தானே இருக்கு" என்று விடுவதுதான் வழக்கம். இந்த லேசான விஷயம்தான் போர்ட்களைச் சுடுகிறது. கணினியின் உலோக உடம்பில் தேங்கி நிற்கும் அழுத்தம், எச்டிஎம்ஐ செருகும் அந்த நொடியில் டிவி வழியாகவும் கேபிள் டிவி வயர் வழியாகவும் இறங்கப் பார்க்கும்.

பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருக்கிறீர்களா? எடுத்துவிட்டு மூன்று பின் சாக்கெட்டில் நேரடியாகப் போடுங்கள். இரண்டு பின் மட்டுமே உள்ள லேப்டாப் சார்ஜர் என்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சுர் நின்றால் சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. டிவியையும் கணினியையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போடுங்கள். எச்டிஎம்ஐ செருகும்போது இரண்டின் ஸ்விட்சும் ஆஃபில் இருக்கட்டும்.

மூன்று பின் போட்டும் ஏறுகிறதா? கேபிளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சாக்கெட்டின் மேல் ஓட்டை வரை எர்த் வயர் உண்மையிலேயே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இரண்டுதான் இருக்கும். வயர் இருந்தும் ஏறினால் எர்த் குழியைப் பார்க்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் ஒரு மே மாதம் அடுத்தடுத்து மூன்று வீடுகளில் இதே புகார். வாட்ச்மேன் அண்ணன் பார்க்கிங் மூலையில் இருந்த குழியின் மூடியைத் திறந்து காட்டினார். மண் வெடித்து, கம்பியைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விட்டுக் காய்ந்து கிடந்தது. அன்றைக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம், ஏறுவது குறைந்தது. அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் வந்து உப்பும் கரியும் போட்டு, துருப்பிடித்த கிளாம்பை மாற்றிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் மூன்று வீட்டிலும் எச்டிஎம்ஐ கேபிளை மறுபடி செருகினேன்.